கதவோரப் பெஞ்சில் ஒரு வருஷம்

எங்கள் பாஸ்டர் ஐயா நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் அவரைக் கொஞ்சம் அசடு என்று நினைத்துவிடுவீர்கள். மாதத்தில் மூன்றாம் ஞாயிறு டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ரப்பர் மலைக்குள் இருக்கிற எங்கள் சின்னக் கோயிலுக்கு ஒழுங்கான பாதை கிடையாது. மழை நாளில் முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து நிற்பார், முகம் சுளிக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு, விருந்துக்குப் போனால் முதல் இடத்தைத் தேடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொன்ன பகுதியை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். பேசிக்கொண்டே கையை நீட்டி, கதவோரம் கிடந்த கடைசிப் பெஞ்சைக் காட்டினார்.

"நான் இங்க வந்த நாள்லருந்து பாக்குறேன். முன்னுக்கு எவ்வளவு இடம் காலியா கெடந்தாலும் சில சகோதரிங்க அந்தக் கடைசி பெஞ்சுலதான் உக்காருறாங்க. திருவிருந்துக்குக்கூட முன்னுக்கு வராம, நமக்குத் தகுதியில்லன்னு தலையக் குனிஞ்சிக்கிட்டு இருக்காங்க. எவ்வளவு தாழ்மை! நாம எல்லாரும் அவங்ககிட்ட படிக்கணும்."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் நிமிரவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ஆண்கள் தகரக் கூரையில் எங்கே ஓட்டை என்று தேடுகிற மாதிரி மேலே பார்த்தார்கள். பாஸ்டர் ஐயா, பேச்சு மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிஷம் நீட்டினார்.

அந்தப் பெஞ்சு தாழ்மைக்காகப் போட்டதல்ல. மாதவிலக்கு வந்த பெண்கள் உட்காருவதற்காகப் போட்டது.

எங்கள் கோயிலில் அது பழைய வழக்கம். அந்த நாட்களில் பெண்கள் கதவோரம் உட்கார வேண்டும். வேத புத்தகத்தைத் தொடக்கூடாது, பீடத்துத் துணியை மடிக்கக்கூடாது, திருவிருந்து அப்பம் வாங்கப் போகக்கூடாது. எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எந்தப் பாஸ்டரும் சொல்லித் தந்ததுமில்லை. லயத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருக்கிற இந்துப் பெண்கள் அந்த நாட்களில் மாரியம்மன் கோயில் பக்கமே போகமாட்டார்கள். "எங்க சாமிக்குப் பெரிய மனசு, பெஞ்சு போட்டுக் குடுத்திருக்காரு" என்று நாங்கள் அவர்களிடம் பீற்றிக்கொள்வோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பீற்றிக்கொண்டது உண்மை.

பருவமான பிள்ளைகள் அந்த ஞாயிறு தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிடும். பின்னே? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊருக்கே அறிவித்த மாதிரி. கல்யாணமான பெண்கள்தான் வேறு வழியில்லாமல் வந்து உட்காருவார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காவல் யார் என்று கேட்டால், நான்தான். கோயில் சாவி என்னிடம். என் மாமியாரிடமிருந்து எனக்கு வந்தது. கூட்டுவது, விளக்குத் துடைப்பது, பீடத்துத் துணி துவைப்பது, யார் எந்த வாரம் வேதபாடம் வாசிப்பது என்று எழுதி ஒட்டுவது எல்லாம் என் வேலை. ஆண்கள் மணியடிப்பார்கள், காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான். மற்ற நாளில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெற்றவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருக்கும்போது பதினொரு பிள்ளைகள் என் பொறுப்பு. அந்தப் பிள்ளைகளை அதட்டி அதட்டி என் வாய் நீண்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். கல்யாணத்துக்கு முந்தியே நீளம்தான், அவருக்குத் தெரியாது.

அன்று கடைசிப் பெஞ்சில் ஒருத்திதான் இருந்தாள். என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் பெண்சாதி. பாஸ்டர் ஐயா கையை நீட்டியபோது அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. எனக்கோ உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவள் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பெண்ணுக்கு எல்லா ஞாயிறும் விலக்கு வரும்? அவள் என்மேல் உள்ள கோபத்தில்தான் அங்கே உட்காருகிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. எங்கள் லயத்துக்கு ஒரே பீலி. மலையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர், அதில்தான் பன்னிரண்டு குடும்பத்துக்குக் குளிப்பும் துவைப்பும். போன வருஷம் ஒரு காலைப்பொழுது, பிள்ளைக்காம்பரா திறக்க நேரமாகிவிட்டது என்று நான் குடத்தோடு ஓடினால், இவள் பீலியடியில் குந்திக்கொண்டு துணி அலசிக்கொண்டே இருக்கிறாள். முந்தின நாளும் இதே கதை. அதற்கு முந்தின நாளும்.

"என்னடி, தோட்டத்துத் தண்ணி பூரா ஒனக்குத்தான் எழுதிக் குடுத்திருக்கா? விடிஞ்சா எழும்பினா துணி, துணி, துணி! ஒலகத்துல ஒனக்கு மட்டும்தான் துணி இருக்கா?" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டேன்.

அவள் ஈரத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு கதவோரப் பெஞ்சுக்குப் போனாள், அதற்குப் பிறகு முன்னுக்கு வரவேயில்லை. என் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் வேண்டுமென்றே அங்கே போய் உட்காருகிறாள், நான் காக்கிற வழக்கத்தைக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு கோபம் ஒரு வருஷம் நிற்பது அதிசயமில்லை. நானும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் பேச்சில்லை. இப்போது அவளுக்குத் தாழ்மை என்று பட்டமும் கிடைத்துவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

அடுத்த மாதம், பாஸ்டர் ஐயா வருகிற வாரம், புதன்கிழமை போன் பண்ணினார்.

"அக்கா, இந்த ஞாயிறு பாடம் யாரு வாசிக்கிறது?"

வாசிக்கிற பிள்ளை கொழும்புக்கு கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டாள், நானே வாசித்துவிடுகிறேன் என்றேன்.

"நீங்க எப்பவும் வாசிக்கிறீங்கதானே. அந்தக் கடைசி பெஞ்சுத் தங்கச்சிக்கு ஒரு சான்ஸ் குடுங்க. அன்னைக்கி நான் பேசினப்ப அவங்க கண்ணு கலங்கிச்சி, நான் கண்டேன். கட்டாயம் அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்ல? அந்தப் பெஞ்சுக்காரிகள் புத்தகத்தைத் தொடக்கூடாது ஐயா என்று ஒரு சின்ன வயதுப் பாஸ்டரிடம் போனில் எப்படி விளக்குவது? "சரிங்க ஐயா" என்று வைத்துவிட்டேன். அதோடு, எந்தப் பாடம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு நிற்காமல் இருந்த அந்தப் பெண்ணின் கதை.

வியாழக்கிழமை பால் நிறுவை முடிந்து, வெட்டின பாலைக் கொடுத்துவிட்டு என் ஓரகத்தி வாளியோடு பிள்ளைக்காம்பரா வழியாக வந்தாள். நான் வாசலில் நின்று, ஒரு வருஷத்துக்குப் பிறகு, "இங்க வா" என்றேன். நின்றாள். பாஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராதே அக்கா."

அது எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம். அவள் ரோட்டோரத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பேசுவது தமிழ், எழுத்து சிங்களம். எங்கள் கோயிலில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்கள் வைத்திருக்கிற பாட்டுக் கொப்பிகளைத் திறந்தால் தமிழ்ப் பாட்டு, சிங்கள எழுத்தில் இருக்கும். பாடம் வாசிக்க வேண்டுமானாலும் இதே ஏற்பாடுதான். ஒருத்தர் தமிழில் சொல்ல, மற்றவர் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு போய் வாசிப்பார்.

"நான் சொல்றேன், நீ எழுதிக்க. உள்ளுக்கு வா, பிள்ளைங்க தூங்குது, வாளிய மெதுவா வை" என்றேன்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருந்தது. நான் போனைப் பார்த்து ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். அவள் வட்ட வட்டமான எழுத்தில் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பெண், பன்னிரண்டு வருஷம், பல வைத்தியர்கள், கையில் இருந்ததெல்லாம் செலவு, கொஞ்சமும் குணமில்லை. கூட்டத்துக்குள்ளே பின்னால் வந்து இயேசுவின் உடுப்பைத் தொட்டாள். அந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது.

"ஏன் அக்கா முன்னுக்கு வந்து கேக்கல அவ?"

"வெக்கம்தான். அந்தக் காலத்துல அப்படிப்பட்டவங்களத் தொட்டாலே தீட்டுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. எழுது."

எழுதவில்லை. கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷம் எப்படி அக்கா உசுரோட இருந்தா? எனக்கு இந்த ஒரு வருஷத்துக்கே கண்ணு இருட்டிக்கிட்டு வருதே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் போனைக் கீழே வைத்தேன். அவள் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. பிள்ளைக்காம்பராவில் மிட்வைஃப் மிஸ் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார், பிள்ளைக்கு இரத்தம் இருக்கிறதா என்று கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்க. கையை நீட்டி அவள் இமையை இழுத்தேன். சிவப்பே இல்லை. வெள்ளைத் தாள்.

பயம் வந்தால் எனக்கு ஏச்சுத்தான் வரும். "அடி பாவி! ஒரு வருஷமாவா? வாயில என்ன கொழுக்கட்டையாடி வச்சிருந்த? ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்திவிட்டேன். ரெண்டு பிள்ளைகள் எழும்பி அழத் தொடங்கின.

அவள் கத்தவில்லை. "சொல்லிக்கிட்டுத்தானே அக்கா இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தப் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள்.

நான் ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுத் தட்டினேன். அடுத்த பிள்ளையை அவள் தூக்கினாள். தட்டிக்கொண்டே அவளாகவே சொன்னாள். அவளுடைய அம்மா இதே மாதிரி இரத்தம் போய்ப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் கட்டி என்றார்களாம், திரும்பி வந்தது பெட்டியில். நமக்கும் கட்டி என்று சொல்லிவிட்டால் ரெண்டு பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புருஷன் கொழும்புக் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருகிறவர், அவரிடமும் சொல்லவில்லை.

"அப்ப கோயில்ல மட்டும் ஏண்டி அங்க போய் உக்காந்த? எங்கள ஏமாத்தின மாதிரி அங்கயும் முன்னுக்கு வந்து உக்காந்திருக்கலாமே."

"மனுசங்ககிட்ட மறைக்கலாம். சாமிகிட்ட எப்படி அக்கா பொய் சொல்றது? தீட்டோட போயி அப்பத்த வாங்கினா பிள்ளைங்களுக்கு ஏதும் வந்துருமோன்னு பயம்."

ஐயோ என் ஆண்டவரே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தப் பயத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவள் கல்யாணமாகி வந்த முதல் மாதம், கோயில் கதவடியில் வைத்து, இந்த நாளில் இங்கே, மற்ற நாளில் அங்கே, மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று விரலை நீட்டிச் சொன்னது நான். பீலியடியில் அவள் அலசிக்கொண்டிருந்த துணி என்ன துணி என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும், கங்காணி ஏசுவார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாட்டு. "கங்காணிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ செருப்ப மாட்டு" என்றேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருஷத்து மிச்சக் கோபம் ஏதாவது எனக்குள் இருந்திருந்தால் அது அந்தப் பாதையிலேயே கரைந்துபோயிருக்கும்.

டாக்டர் ஒரு பெண்பிள்ளை, வயது குறைவு, நல்ல குணம். "அய் அக்கே, மெச்சர கல் கெதர இட்டியே?" என்று கேட்டாள். ஏன் அக்கா இவ்வளவு காலம் வீட்டில் இருந்தீர்கள் என்று அர்த்தம். என் ஓரகத்தி தரையைப் பார்த்தாள். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற கட்டி இல்லை என்று நினைக்கிறோம், வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் உறுதி, ஆனால் இந்த இரத்தத்தோடு ஆபரேஷன் செய்ய முடியாது, முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பால் மரத்தடியிலேயே விழுந்திருப்பாள் என்றும் சொன்னாள். அன்றே வார்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டியும் கெட்ட கட்டி இல்லை. இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று காலை கோயிலில் பாடத்தை நானே வாசித்தேன். எத்தனையோ தரம் வாசித்த பாடம். அதுவரைக்கும் அதை ஒரு அற்புதம் என்றுதான் வாசித்திருந்தேன், தொட்டாள், சுகமானாள், அவ்வளவுதான். அன்றைக்கு என் கண்ணில் பட்டது அந்தக் கூட்டம். நெருக்கிக்கொண்டு இயேசுவைச் சுற்றி நின்ற அத்தனை பேரில் அவளுக்கு யாரும் வழிவிட்டதாக எழுதவில்லை. அவள் ஏன் பின்னால் வந்தாள் என்று யாரும் கேட்டதாகவும் எழுதவில்லை. அவர் ஒருவர்தான் நின்று, யார் என்று கேட்டு, அவள் வாயால் சொல்ல வைத்து, மகளே என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் என் குரல் உடைந்துவிட்டது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

ஆராதனை முடிந்து, வாசிக்க வேண்டியவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். என்ன நோய் என்று சொல்லவில்லை, இரத்தம் ஏற்றுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். உடனே, பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு நானும் வருகிறேன், திருவிருந்தும் கொண்டுவருகிறேன் என்றார்.

ஐந்து மணிக்கு வார்டில் சரியான கூட்டம். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் அம்மா, அவரைப் பார்க்க வந்த மகள்மார் நாலு பேர், அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தது. என் ஓரகத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி, மேலே இரத்தப் பை தொங்கியது. பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளி டப்பியை எடுத்துத் திறந்து, அப்பத்தைக் கையில் எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு உதிரம் இன்னும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் பாஸ்டரைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த அப்பத்தையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளட்டுமா அக்கா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டியிருந்தால் வாங்கியிருக்கமாட்டாள், அது சத்தியம்.

"வாங்கிக்கடி" என்றேன். எனக்கே கேட்காத சத்தத்தில்தான் வந்தது. இன்னொரு தரம் சொன்னேன். "வாங்கிக்க. ஒனக்குத்தான்."

ஊசி குத்தாத கையை மெதுவாக வெளியே எடுத்து விரித்தாள். வாங்கி வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில் அம்மா, என்ன நோவு என்று நினைத்தாரோ, "அழாதீங்க புள்ள" என்றார்.

பாஸ்டர் ஐயா டப்பியை மூடிவிட்டு, அவளிடம் மெதுவாகக் கேட்டார். "ஒரு வருஷமா நீங்க திருவிருந்துக்கு வரலியே தங்கச்சி. தாழ்மைன்னு நானும் நெனச்சிட்டேன். மனசுல ஏதும் பாரமா? ஏன் வரல?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அவ வராம இல்லங்க ஐயா" என்றேன். "நான்தான் விடல."